தடுத்த ரன்கள்

ஐப்பசி பிறந்தால் கோத்தகிரியில்
யாரும் மட்டையைத் தொடுவதில்லை.
மைதானம் என்று நாங்கள் சொல்லும் மேடு
எருமைகளுக்குப் போய்விடும்.
அப்போதுதான் உண்மையான ஆட்டம் தொடங்கும்,
இலை எடை போடும் ஷெட்டில்,
லாரி வரும்வரை.

பெஞ்சில் ஹால்தொரை, லிங்கராஜ்,
காலனியிலிருந்து யோகநாதன்,
வர்க்கிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருக்கும் சேவணன்.
தராசுக்கு இந்தப் பக்கம் நான்.
எடைச்சீட்டும் நான்தான், ஸ்கோரும் நான்தான்.

"கட்டபெட்டுக்காரன் நம்ம கீப்பரைக் கேக்கறான்."
"பதிலுக்கு?"
"தேங்காய்நார் மேட். ரெண்டு வருஷம்தான் ஓடியிருக்கு.
கூட ஒரு ரோலர். கைப்பிடி கெடையாது."
"கைப்பிடி இல்லாத ரோலருக்கா கீப்பரைத் தர்றது?"
"கீப்பருக்கு மட்டும் கை இருக்கா?"
சிரிப்பில் தராசு முள்ளே ஆடியது.
மாதியக்காவின் மூட்டைக்கு இருபத்துமூன்று என்று எழுதினேன்,
இருபத்திரண்டரைதான்.

அரவேணு ஃபாக்டரியிடம் காசு இருக்கிறது.
சிக்ஸர் அடிப்பவனுக்கு நைட் வாட்ச்மேன் வேலை,
தொடர்ந்து அடித்தால் பாய்லர் ரூம், குளிருக்கு இதம்.
அவர்கள் மைதானம் சமதளம், அவர்களுக்குச் சரி.
எங்களுக்கு சிக்ஸர் ஒரு செலவு.
மூன்று பக்கமும் தேயிலை, நாலாவது பக்கம் பள்ளம்.
பந்து உள்ளே போனால் பதினோரு பேரும் குனிந்து தேடுவோம்,
சமயத்தில் காட்டெருமை ஒன்று
நிமிர்ந்து நின்று எங்களைத் தேடும்.

ஆகவே வளையத்துக்குள் நிற்கும் பையன்கள்மீதுதான்
பேச்சு போய் முடியும்.
பாயிண்டில் திலீபன், கவரில் மேகநாத்,
இருவருக்கும் மீசை இன்னும் பென்சில் கோடு.

"மேகநாத் விழுந்து புடிப்பான்."
"விழறவன் லேட்டா கிளம்பறவன்.
திலீபன் சட்டையில சேறு பாத்திருக்கியா?"
"அவன் பேட்டிங்?"
"பேட்டிங்கைப் பத்தி யார் கேட்டா?"

என் நோட்டில் தனியாக ஒரு பத்தி உண்டு,
அடித்ததற்கு அல்ல, தடுத்ததற்கு.
திலீபன், பதினோரு ஆட்டம், அறுபத்துநாலு.
மேகநாத், ஒன்பது ஆட்டம், ஐம்பத்தெட்டு.
"நடக்காத ரன்னை எப்படிம்மா எண்ணுவே?"
லிங்கராஜ் வருஷா வருஷம் கேட்பான்.
பந்து அவனைத் தாண்டியிருந்தால் எங்கே போய் நிற்குமோ
அதுவரை நானும் ஓடிப் பார்க்கிறேன், வேறென்ன.
ஒருநாள் முழுக்க ஓடியிருக்கிறேன்
இந்த ஸ்டூலை விட்டு எழாமல்.

மஞ்சு இறங்கி ரோட்டை எடுத்துக்கொண்ட நேரம்
அம்மாவின் இலைமூட்டையோடு திலீபனே வந்தான்.
பெஞ்ச் சட்டென்று மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தது.

பதினெட்டு கிலோ. தண்ணீருக்கு ஒன்று கழித்தேன்.
"அக்கா, திங்கக்கிழமை திருப்பூர் போறேன்.
செக்கிங் வேலை. ரூம் குடுக்கறாங்களாம்."

திருப்பூர்.
எங்களோடு ஒரு ஆட்டம்கூட ஆடாத அணி.
போன வருஷம் வேகப்பந்துக்காரன், ஸ்லிப்பில் நின்றவன்.
அதற்கு முந்தின வருஷம் நாலு பேர்.
பதிலுக்கு மேட் தந்ததில்லை,
ஓட்டை ரோலர்கூட.

"தை மாசம் ஃபைனலுக்கு வருவியாடா?"
"லீவு குடுத்தா."
யோகநாதன் பஸ் சார்ஜைக் கணக்குப் போட்டான்,
மேட்டுப்பாளையத்தில் ஒரு டீ சேர்த்து,
நாலு பேருக்குப் பிரித்து,
பிறகு சேவணனை விட்டுவிட்டு மூன்று பேருக்கு.
சேவணன் அப்போதுதான் பொட்டலத்தைப் பிரித்து
பையன் கையில் இரண்டு வர்க்கியை வைத்தான்.

அவன் படியிறங்குவதைப் பார்த்தேன்.
ஈரக் கல்லில் குதிகால் படாமல்,
பந்து வருமுன் நிற்பானே, அப்படி.

லாரி ஹாரன் வளைவில் கேட்டது.
நோட்டில் அவன் பெயரை நான் அடிக்கவில்லை,
அடியில் கோடும் போடவில்லை.
யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
ஹால்தொரைதான் தொண்டையைச் செருமினான்:
"அந்த ரோலருக்குக் கைப்பிடி வெல்டிங் வைக்க
எவ்வளவு கேப்பான்?"