ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே

ஏழு இரவு நடந்தது அந்த நாடகம்.
ஆறு இரவு நான் இருந்தேன்.
தவறிய திங்கட்கிழமை
தட்டச்சுத் தேர்வு. அதிலும் ஃபெயில்.

எண்பத்து நான்கு, விக்டோரியா அரங்கு.
'மின்தூக்கி நிற்காத மாடி' என்று பெயர்.
மேடையில் மின்தூக்கி என்பது
இரண்டு ஒட்டுப்பலகை, ஒரு சிவப்பு பல்பு.
ஐந்தில் எரியும், ஒன்பதில் எரியும்,
மழை பெய்தால் எதிலும் எரியாமல்
அடியிலேயே படுத்துக்கொள்ளும்.
அவள் வீடு ஏழில்.

கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து
அவன் படியேறுவான்.
மாடிக்கு ஒரு கண்ணி.
ஏற ஏற மூச்சு வாங்கும்,
மெட்டையே அப்படித்தான் கட்டியிருந்தார்கள்:
நாலாவதில் சொற்கள் குறையும்,
ஆறாவதில் ஒரே சொல்,
'இன்னும்'.
பிறகு ஒரு நிறுத்தம்.
மிருதங்கம்கூட வாயைப் பொத்திக்கொள்ளும்.
பிறகுதான் ஏழு.

கடைசி இரவில் என் அண்ணன்
குடைக்குள் ரெக்கார்டர் வைத்துப் பதிவு செய்தான்.
அந்த நிறுத்தத்தில் யாரோ இருமிவிட்டார்.
ஒரு பெரிய இருமல்.
அதன் பின்னால் ஒரு குட்டி இருமல்,
மன்னிப்புக் கேட்பதுபோல.

கேட்டவர்க்கெல்லாம் பிரதி போட்டுக் கொடுத்தோம்.
பிரதியிலிருந்து பிரதி,
அது எந்தெந்த புளோக்குக்குப் போனதோ.
துறைமுக அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம்
கொள்கலன் எண்களைத் தட்டிக்கொண்டே
அதைத்தான் முணுமுணுத்தேன், இருமலோடு சேர்த்து.
ஒரு கல்யாண வீட்டில் பாடச் சொன்னார்கள்.
பாடினேன், இருமினேன்,
தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

இப்போது படமாக வந்திருக்கிறது.
யீஷூன், ஞாயிறு, மூன்றரைக் காட்சி.
அண்ணன் மகன் தினகர் கூட வந்தான்,
குளிருக்கு அவன் ஜாக்கெட் என் மடியில்.

முதல் காட்சியிலேயே
கண்ணாடியில் ஒரு மின்தூக்கி,
எல்லா மாடியிலும் நிற்கிறது!
"அப்புறம் எதுக்குடா இவன் படியேறணும்?"
"உடம்புக்கு நல்லது அத்தை."
மணிக்கட்டில் ஒரு பட்டை
அவன் காலடிகளை எண்ணிக்கொண்டிருந்தது.
சிலிண்டர் போய்
முதுகில் சாப்பாட்டுப் பை.
பாட்டு வந்தது. ஐந்தாம் மாடியிலும்
ஒன்றாம் மாடிக் குரல்.
ஒரு வயலின் கூட்டமே
அவனைத் தூக்கிக்கொண்டு போனது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்.
மேடையில் ஏழாம் மாடியை நாங்கள் பார்த்ததில்லை,
திரைக்குப் பின்னிருந்து அவள் குரல்தான் வரும்.
இங்கே கதவைக் காட்டினார்கள்.
நீலக் கிரில்,
வாசலில் ஒரு ஜோடி செருப்பு,
அதில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது.
நாற்பது வருடம் நான் நினைத்திருந்தது பச்சைக் கிரில்.
நீலம்தான் சரி.

'இன்னும்' என்றான்.
வயலின்கள் நின்றன.
நிறுத்தத்தை வைத்திருந்தார்கள்!
ஆனால் எத்தனை சுத்தமாக,
துடைத்துத் துடைத்து,
குடித்தனம் வராத வீடுபோல.

நான் இருமினேன்.
பெரிய இருமல், அளவு பிசகாமல்.
தினகர் தண்ணீர் பாட்டிலைத் தேடினான்.
அதற்குள்
மூன்று வரிசை முன்னால், இடது ஓரம்,
வழுக்கைத் தலை ஒன்று
திரும்பிப் பார்க்காமல்
குட்டி இருமலை இருமியது.

ஏழு தொடங்கியது.
யார் பாடினார், எப்படிப் பாடினார்,
எனக்கு நினைவில்லை.

விளக்கு வந்ததும் அவர்
இருக்கைக்கு அடியில் எதையோ தேடினார்.
எங்கே கிடைத்தது உங்களுக்குப் பிரதி,
அல்லது, ஐயா, அந்த இரவில்
இருமியதே நீங்கள்தானா,
எதையும் நான் கேட்கவில்லை.
கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு
படியைப் பார்த்துப் பார்த்து இறங்கினார்.

"எப்படி அத்தை படம்?"
"படுமோசம்."
புதன்கிழமை மூத்தோருக்குப் பாதிக் கட்டணம் என்று
வெளிச்சுவரில் போட்டிருந்தது.
கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு
இன்னொரு முறை வாசித்தேன்.