நாளைக்குக் கம்பி

கடையில் நான் விற்பதும் கம்பிதான்.
பதினெட்டாம் எண், இருபதாம் எண்,
துருப் பிடிக்காதது,
பிடித்தால் என்ன என்பவர்களுக்கு மலிவானது.
வீசைக் கணக்கில் நிறுத்து
பழைய பர்மியப் பத்திரிகையில் சுற்றிக் கொடுப்பேன்.
நாளை பதினொன்றரைக்கு
பான்சோடன் தெருவில், மாடியில்,
என் மகள் வாய்க்குள் போகிற கம்பியை மட்டும்
நான் தொட்டுப் பார்த்ததில்லை.

"கட்டுக்கம்பி மாதிரியாப்பா?"
இல்லை.
கட்டுக்கம்பி வளைத்தால் வளைந்தே கிடக்கும்.
இது எப்படி வளைத்தாலும்
தன் பழைய வடிவத்துக்கே போகப் பார்க்கும்.
அந்தப் பிடிவாதம்தான் பல்லை இழுக்கும்.
"என் பல்லும் பிடிவாதம் பிடிச்சா?"
கம்பிதான் ஜெயிக்கும்.
ஆனால் ரொம்ப மெதுவாக.

வலிக்குமா என்று கேட்டாள்.
வலிக்காது என்றிருந்தாள் பூரணி.
லேசாக என்றிருந்தார் டாக்டர் நிலார்.
நான் சொன்னேன்:
மூன்று நாள் வலிக்கும்.
கஞ்சி குடிப்பாய்.
நாலாம் நாள் என்னைத் திட்டுவாய்.
அடுப்படியிலிருந்து பூரணி பார்த்த பார்வையை
இன்னும் கழுத்தில் உணர்கிறேன்.
பிள்ளை மட்டும் "சரி" என்றாள்,
கணக்கு ஒத்துப்போன மாதிரி.

ஆரஞ்சுத் தோலைப் பல்லின் அளவுக்கு வெட்டி
உதட்டுக்குள் ஒட்டிக்கொண்டு
பேசிப் பழகினோம், இருவரும்.
பால் கணக்கைப் பேசினோம்.
எதிர்வீட்டு நாயைப் பற்றிப் பேசினோம்.
பள்ளிப் பதிவேட்டில் அவள் பெயர் தான்சின்.
அந்த முதல் எழுத்துக்குப்
பற்களுக்கு நடுவே நாக்கு எட்டிப் பார்க்க வேண்டும்,
பர்மியர் சொல்கிற மாதிரி.
எட்டிப் பார்த்த நாக்கு தோலில் முட்டித் திரும்பியது.
இன்னொரு தரம். இன்னொரு தரம்.
வீட்டுப் பெயர் செண்பகம்
எச்சிலோடாவது வந்து சேர்ந்தது.
"அப்ப ரெண்டு வருஷம் நான் செண்பகம் மட்டுந்தான்"
என்று சிரித்தாள்.
அவள் வகுப்பில்
அந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது.
நான் தோலை எடுத்துத் துப்பிவிட்டு
பழகிடும்மா என்றேன்,
எது என்று சொல்லாமல்.

டாக்டர் தந்த தாளில் தின்னக் கூடாதவை:
சோளக்கதிர், பச்சை மாங்காய்,
லப்பெட்டில் போடும் பொரித்த அவரை.
எல்லாம் அச்செழுத்து.
கடைசியில் பேனாவால்,
இவளைப் பார்த்த பிறகு எழுதியது போல,
சூரியகாந்தி விதை.
அதை மட்டும் இரண்டு தரம் படித்தாள்.

ஒன்பது மணிக்கு மின்சாரம் போனது.
தெரு முழுக்க ஜெனரேட்டர்கள் இரும,
இருட்டில் டிக் என்றது.
கொஞ்சம் பொறுத்து, டிக்.
டார்ச்சை அடித்தேன்.
பாய் நடுவே ஒரு விதைப் பொட்டலம்,
பக்கத்தில் என் கடையின் திருகாணி டப்பா, கழுவித் துடைத்தது.
முன்பற்களால் உடைக்கிறாள்,
பருப்பை டப்பாவில் போடுகிறாள்,
ஒன்றையும் தின்னவில்லை.
"உடைக்கத்தானே கூடாது,
உடைச்சு வெச்சதைத் திங்கலாம்ல?"

நானும் உட்கார்ந்தேன்.
வெற்றிலையில் தேய்ந்த பற்கள் எனக்கு.
உமியும் பருப்பும் ஒன்றாய் நசுங்கின.
"நீங்க தூளாக்குறீங்கப்பா.
லைட்டைப் பிடிங்க, போதும்."

பிடித்தேன்.
இரண்டு வருஷத்துக்குக் காணாது,
இரண்டு வாரத்துக்கே காணாது
என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.
பத்தரைக்கு
டப்பாவின் அடி மறைந்திருந்தது.
உதட்டில் உப்பு, மடியெல்லாம் உமி.
கடைசி விதையை உடைத்த பிறகு
நாக்கால் ஒவ்வொரு பல்லாய்த் தடவினாள்,
அந்தக் கோணல் பல்லில்
கொஞ்சம் கூடுதலாய் நின்று.

மின்சாரம் வந்துவிட்டது.
மின்விசிறி சுற்ற, உமி அறையெங்கும் பறந்தது.
"அப்பா, லைட்" என்றாள்.
நான் இன்னும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.