அடைப்புக்குறிக்குள்

விசாரணையின் பதினோராம் நாள். பக்கம் நானூற்றாறு.
எம்தூலினி மருத்துவமனைக்கு ஒதுக்கிய பணம்
எங்கே போயிற்று, அதிபர் அவர்களே?
இதற்குப் பிறகு ஒலிப்பதிவில் மூன்று நொடி.
நான் தட்டினேன்: (சிரிப்பு).
ஆங்கிலத்தில் எட்டே எழுத்து.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்,
செங்கல் கட்டடத்தின் பின்னறையில்,
ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு,
பக்கத்துக்கு இத்தனை ராண்ட் என்று
கூலிக்குச் செய்த வேலை அது.

மறுநாள் காலை
எனக்கு முன்பே டாக்ஸியில் ஏறி
உட்கார்ந்திருந்தது அந்தச் சொல்.

"நாற்காலியில் இருக்கிறவனைக் கூண்டில் ஏற்றினால்
நாட்டுக்கு என்னம்மா மரியாதை?"
முன்சீட்டுக்காரர் திரும்பாமலே கேட்டார்.
"இறங்கிய பிறகு ஏற்றினால் மட்டும்
பணம் நடந்து வந்துவிடுமா?"
பின்சீட்டில், மடியில் முட்டைக்கோஸ் வைத்திருந்தவள்.
"இது அவர் எதிரிகள் வைத்த விசாரணை."
"எதிரி வைத்தால் என்ன, கணக்கு கணக்குதானே."
சண்டை நடுவே டாக்ஸிக் கூலி
பின்னாலிருந்து கைக்குக் கை மாறி முன்னே போயிற்று.
அவள் காசு என் கையில், என் கையிலிருந்து அவர் கையில்.
ஓட்டுநர் ஒரு கண்ணால் எண்ணினான்.
பதினைந்து பேர். ஒரு சென்ட் குறையவில்லை.

புதன்கிழமை அதிபரின் வக்கீல் எழுந்தார்:
அது சிரிப்பல்ல, இருமல்.
வெள்ளிக்கிழமை மறுபடி எழுந்தார்:
இருமலும் அல்ல. சன்னலுக்கு வெளியே ஹடீடா.
பறவைகள் படித்த பேராசிரியர் ஒருவர்
அலைவரிசைப் படத்தோடு டர்பனிலிருந்து வந்தார்.
என் கூரையில் விடிகாலை நாலரைக்கு அலறி
பிள்ளையை எழுப்புகிற சனியன்,
அதற்குப் போய் இப்படி ஒரு யோகம்.

வானொலியில் நாள் முழுக்கக் கூப்பிட்டார்கள்.
சிரிப்பு என்றார் ஒருவர். இருமல் என்றார் இன்னொருவர்.
சிரித்தால்தான் என்ன,
சிரிக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறதா என்றார்
லேடிஸ்மித்திலிருந்து ஒரு பெரியவர்.

ஞாயிற்றுக்கிழமை கறியில் உருளைக்கிழங்கைத் தேடியபடி
என் கொழுந்தன் தனசேகரன் மூட்லி சொன்னான்:
"நாம சின்னக் கூட்டம், அண்ணி.
பெரியவங்க வழக்குல
நம்ம கையெழுத்து எதுக்கு?"
பள்ளிக்கூட மேசை சப்ளை செய்கிறான்.
அரசாங்கத் தாள்களில் அவன் கையெழுத்து
முந்நூறுக்குக் குறையாது.

திங்கட்கிழமை படிவம் வந்தது.
செயலாளர் ஃபெர்மாக் மிகவும் கனிவாக வைத்துவிட்டுப் போனார்.
மூன்று கட்டம்: இருமல். தெளிவில்லை. மாற்றமில்லை.
நடுக்கட்டத்தை அவர் விரல்
இரண்டு தரம் தட்டியது.

நான் திரும்பக் கேட்டேன்.
நாற்பது தடவை இருக்கும்.
முதலில் மூக்கில் ஒரு காற்று,
பிறகு தொண்டையில் இரண்டு படி, பிறகு ஒன்றுமில்லை.
முப்பதாவது தடவையில் வேறொன்று கேட்டது.
வங்கிக்காரன் வாசலில் நின்று
தவணை எங்கே என்றபோது
என் வாயிலிருந்து வந்த அதே சத்தம்.
சிரிக்கவே இல்லை என்று அன்று
கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன்.

பக்கத்து மேசை நொக்வாண்டாவிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்தேன்.
அவளுக்குச் சொந்த ஊர் எம்தூலினி.
ஒரு தடவைதான் கேட்டாள்.
"அங்கே வாசல் மட்டும் இருக்கிறது," என்றாள்.
"சுவர் இல்லை. வெறும் நிலை.
ஆடுகள் சுற்றிப் போகலாம், எவ்வளவோ இடம்.
போகாது. வரிசையாக அதற்குள் நுழைந்துதான் போகும்."

பாவம்தான் அந்த மனிதர்.
பாவத்துக்குப் படிவத்தில் கட்டமில்லை.
மாற்றமில்லை என்பதில் கோடு போட்டேன்,
விதிமுறை கேட்பதால் கால அளவும் எழுதினேன்:
மூன்று நொடி.
கையெழுத்து, முழுப்பெயர்.

அப்போதுதான் வெளியே, தகரத்தைக் கிழித்தது போல,
ஹடீடா கத்தியது.
நொக்வாண்டா தலை நிமிரவில்லை.
"அதையும் எழுதித் தொலைக்காதே," என்றாள்.