தொழில்: கணக்கர்

அட்டையில் இன்னும் உதவிக் கணக்கர்தான்.
தொழில் பெயரை மாற்றக்
கம்பெனிக் கடிதம் வேண்டும்.
கம்பெனிக்கு நான் வேண்டும்,
மார்ச் கணக்கு முடியும் வரை.
எந்த மார்ச் என்று சொல்லவில்லை.

கோச் வேலைக்குச் சம்பளம் பாதி.
சுகிர்தா கால்குலேட்டரில் தட்டினாள்,
அழித்தாள், மறுபடி தட்டினாள்.
அது மாற்றிச் சொல்லவில்லை.

ஷார்ஜா, இன்டஸ்ட்ரியல் ஏரியா.
டயர் கிடங்குக்கும் பெயின்ட் கடைக்கும் நடுவே
நாலு பச்சைக் கோர்ட்.
ஆறரைக்கு டையைக் கழற்றி
ஷூவுக்குள் திணித்து வைக்கிறேன்.

முந்நூறு இறகுப்பந்து
ஒரே இடத்தில் விழும்படி போட வேண்டும்.
தோள் வலிக்கக் கூடாது,
வலித்தால் தெரியக் கூடாது.
லெவல் ஒன் பரீட்சையில் இதைக் கேட்கவில்லை.
நானே ஒரு ஆட்டம் ஆடியது
போன ரமலானுக்கு முன்னால்.

மாரிசெல்லின் மகள் இரண்டு மாத ஃபீஸ் பாக்கி.
கணக்கர் அல்லவா,
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று கூடை காலியாகும் நேரம்,
அலுப்பில் கொஞ்சம் கடினமாகவே போட்டுவிட்டேன்.
கால் மாற்றிப் பின்னால் போனாள்
(ஆறு வாரம் நான் கத்திய அதே கால்),
குறுக்கே அடித்தாள்.
நான் நின்ற இடத்தில் நின்றேன்.

"அவுட்டா, கோச்?"

குனிந்து பார்த்தேன்.
கோட்டின் மேல் கிடந்தது,
ஓர் இறகு முறிந்து.

எனக்கு எதிரான புள்ளி.
வரவில் எழுதிக்கொண்டேன்,
பேனாவால்.