பதினாறு லிட்டர்

பைகளைத் தைத்தது நான்தான்.
கொசுவலை விற்கும் கடையில் வாங்கிய நைலான்.
ஒவ்வொன்றிலும் பத்து கிராம் காய்ந்த இலை:
நாற்பதில் கத்தரி,
நாற்பதில் வேலியோரச் சுண்டை.
நடுவீரப்பட்டில் தெய்வசிகாமணியின் கொல்லையில்
நாலு விரல் ஆழத்தில் புதைத்தோம்,
கத்தரிக்குச் சிவப்பு நூல், சுண்டைக்குப் பச்சை.
"குப்பையப் பொதைக்கவா
கடலூர்லேருந்து ஜீப்பு போட்டுக்கிட்டு வந்தீங்க?"
என்றார்.

அறுபதாம் நாள் தோண்டினோம்.
சிவப்பு நூலில் வந்தது வெறும் வலை.
உள்ளே ஒரு காம்பு, கொஞ்சம் செம்மண், ஓர் எறும்பு.
பச்சை நூலில் இலை இன்னும் இலையாகவே இருந்தது,
நரம்பு தெரிய, நடுத்தண்டு முள்ளும் உதிராமல்,
கூப்பிட்டால் திரும்பாத பிடிவாதக்காரி மாதிரி.

கத்தரி இலையில் கசப்பு கம்மி, நாரும் கம்மி.
மண்ணில் விழுந்த கையோடு அவிழ்ந்துவிடுகிறது,
சம்பள நாள் சாயங்காலத்துச் சில்லறை போல.
தழைச்சத்து ஒரே மூச்சில் வெளியே வரும்.
வேர் வாங்கும் முன் ஐப்பசி மழை வாங்கிப்போய்க்
கெடிலத்தில் விட்டுவிடும்.
அடுத்த மாதம் மண் கைநீட்டும்.
யூரியா வரும்.

யார் செய்தது?
யாரோ ஒருத்தி ஒரு காயைக் கடித்துத் துப்பினாள்.
பக்கத்துச் செடியில் கடித்தாள். அது பரவாயில்லை.
அந்த விதையை மட்டும் முந்தியில் முடிந்துகொண்டாள்.
அவ்வளவுதான் நடந்தது,
திரும்பத் திரும்ப, ஆயிரக்கணக்கான வருஷம்.
நாக்கு உழுத அளவுக்குக்
கலப்பை உழவில்லை.

காயில் கசப்பு வேண்டாம் என்றுதான் கேட்டோம்.
காய் வேறு இலை வேறு என்று
பிரித்துக் கொடுக்கச் செடிக்குத் தெரியவில்லை.
இலையிலும் வேரிலும் சேர்த்தே
ஆயுதத்தை இறக்கிவைத்தது.

இறக்கிவைத்ததைத் தெய்வசிகாமணி சுமக்கிறார்.
பதினாறு லிட்டர் டேங்க்.
இடது தோளில் வார் பதிந்த தழும்பு.
தண்டில் புழு, காயில் புழு,
வாரத்துக்கு இரண்டு அடி.
எதிர்க்காற்றில் நடக்கக் கூடாதென்று தெரியும்.
பாத்தி அந்தப் பக்கம்தான் போகிறது,
துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்.

வேலியில் சுண்டை நிற்கிறது.
அதற்கு யாரும் மருந்தடிக்கவில்லை.
ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்கிறது.

திரும்பும் வழியில், பாலூர்ப் பக்கம் ஒரு நாற்றங்கால்.
அஞ்சலாட்சி இரண்டு தண்டையும்
பிளேடால் சாய்வாக வெட்டி,
சுண்டை வேரின்மேல் கத்தரித் தலையை வைத்துக்
கிளிப் மாட்டுகிறாள். நாளுக்கு எழுநூறு.
"வாடல் நோய் அண்டாதாம்க்கா.
கீழ இருக்கிறது காடு, மேல இருக்கிறது குழம்பு."

சிரித்தேன்.
ஜீப்பு ஏறியபின் சிரிப்பு நிற்கவில்லை, நின்றது.
இலை மேலிருந்துதானே உதிரும்?
அந்தச் செடி உதிர்க்கும் இலை
சிவப்பா, பச்சையா?
கீழே இருக்கும் காடு
மேலே எதையாவது அனுப்புமா?

மஞ்சள் நூல், இரண்டு கண்டு, என்று
இன்டென்ட் எழுதினேன்.
'காரணம்' என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல்
சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.
கத்தரிக்காய்ப் பொரியல்.
ஒரு துண்டு கசந்தது.
முற்றிய காயாக இருக்கும்.
துப்பவில்லை.
விழுங்கவும் இல்லை,
கொஞ்ச நேரம்.