நாற்பது ஜிபி

காலியிடம் போதவில்லை என்கிறது திரை.
கேட்பது நாற்பது. கையிருப்பு ஆறரை.
ஹஃபீஸ் போனிலேயே சொல்லிவிட்டான்:
"பழைய கேமரா பதிவையெல்லாம் தூக்கிடுங்க லா.
இல்லேன்னா பாதியில நின்னுடும்,
அப்புறம் புதுசும் இல்ல, பழசும் இல்ல."

சுங்கை ஆராவில் இருபத்திரண்டு மாடி,
நான்கு லிஃப்ட், பதினாறு கேமரா,
நிர்வாக அலுவலகத்தில் ஒரே கம்ப்யூட்டர்.
அதற்கு ஒரே ஆள், நான்.

அளவு வாரியாக அடுக்கிப் பார்த்தேன்.
திருட்டு நடந்த இரவு ஒன்று உண்டு,
மூன்றாம் மாடியில் ஒரு சைக்கிள்.
ஒன்றுமே நடக்காத இரவுகளும்
அதே கனம்தான்.
மழையும் பூனையும்
அணைந்தணைந்து எரியும் டியூப்லைட்டும்
சைக்கிள் திருடனுக்குச் சமமாக
இடம்பிடித்து உட்கார்ந்திருக்கின்றன.

அழிக்குமுன் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று
சட்டம் ஏதுமில்லை.
பார்த்தேன்.

சாப்பாடு கொண்டுவரும் பையன்
லிஃப்ட் கண்ணாடியில் தலையைக் கோதிவிட்டு
ஏழாம் மாடி வரை சிரித்துப் பழகுகிறான்.
பி பிளாக் மிஸ்டர் சியா
குப்பைப் பையோடு இறங்கி வந்து
போடாமலே மேலே போகிறார்.
காவலர் பிரேம் தாபா, அதிகாலை நான்கு மணி,
யாருமில்லாத வாசலுக்கு
சல்யூட் அடிக்கிறார்.
தூக்கம் வராமலிருக்கப் போலும்.

பிறகு நான்.
தினமும் ஆறு பத்து. அதே பை.
கைரேகை, கதவு, கார்.
முந்நூறு தடவை வீட்டுக்குப் போயிருக்கிறேன்,
ஒன்றும் நினைவில்லை.
ஜூலையில் ஒருநாள் மட்டும்
மழையும் இல்லை, காதில் போனும் இல்லை,
போர்ட்டிகோவில் பதினொரு நிமிடம்
சும்மா நிற்கிறேன்.
எதற்கு?
மூன்று தரம் ஓட்டியும்
அவள் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தட்டு.
அப்போதும் அதே ஆறரை.
ஹஃபீஸ் சிரித்தான்.
"தொட்டியக் கொட்டினீங்களாக்கா?
குப்பைத்தொட்டியும் வீட்டுக்குள்ளதானே இருக்கு."
கொட்டினேன்.
நாற்பத்தொன்று.

இரண்டு சதவீதம். ஐந்து.
அணைக்காதீர்கள் என்கிறது.
பதினாறு கட்டங்களும் கறுத்துவிட்டன.
தாபாவிடம் போய்ச் சொன்னேன்:
ஒன்றரை மணி நேரத்துக்கு
நீங்கள்தான் கேமரா.
பெரிய பொறுப்பாகத் தலையாட்டினார்.

மணி ஆறு பத்து.
பையை மாட்டிக்கொண்டு
போர்ட்டிகோவுக்கு வந்தேன்.
கார்ச் சாவி கையில்தான் இருந்தது.
மலைப்பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது,
நின்றேன்.
எத்தனை நிமிடம் என்று
தாபாவைத்தான் கேட்க வேண்டும்.