முன்பணம்

மார்கழி மூணு, வியாழக்கிழமை என்றதும்
போனில் மேனேஜர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"மேடம், அது கல்யாண மாசம் இல்லையே."
தெரியும் என்றேன்.
"அப்ப பாதி ரேட்டுக்குப் போட்டுத் தரேன்.
கடல் தெரியிற ரூம் எத்தனை?"

நேதாஜி ரோட்டில் வாளிக்கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே
நின்றுகொண்டு பேசினேன்.
பஸ் ஹாரனில் நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.
அவர் பக்கத்துக் கடல் எனக்குக் கேட்டது.
டேபிள் ஃபேனாகவும் இருக்கலாம்.

மண்டபத்துக்கு இந்தப் பக்கம், பதினாலு அறை,
மூணு மணி நேரப் பயணம்.
வைகையும் இந்தத் திசையில்தான் கிளம்புகிறது,
ராமநாதபுரம் கண்மாயில் படுத்துவிடுகிறது.
நாங்கள் வேனில் போகிறோம்.
வேனுக்கு ஒன்பதாயிரம், டிரைவர் சாப்பாடு தனி.

மாட்டுத்தாவணியில் ஒச்சம்மாள் கையை விரித்தாள்.
"பனி எறங்கிட்டா மொட்டு எங்க வைக்கும்?
கிலோ மூவாயிரத்தத் தாண்டிரும் தாயி.
கனகாம்பரத்த வச்சுக்க."
மல்லிகை, அரைக்கிலோ என்று எழுதினேன்.
டவுன் பஸ்ஸில் வரும்போது அடித்து
முந்நூறு கிராம் ஆக்கினேன்.

முதல் கல்யாணம் தை மாசம்தான்.
வளர்பிறை, பொருத்தம் பத்துக்கு ஒன்பது,
ஆயிரத்து இருநூறு இலை.
இருபத்து மூன்று மாதம் ஓடியது.
மொய் நோட்டு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.
காதுகுத்து, வசந்த விழா, புதுவீடு என்று
பதினாறு வருஷம்
உசிலம்பட்டி ரோட்டில் ஊர் ஊராக இறங்கி
முடிந்துபோன ஒன்றின் கடனைக் கட்டினேன்.
போன ஆவணியில் கடைசிப் பேரையும் அடித்தேன்:
கருமாத்தூர் பெ. மாயன், இருநூற்று ஒன்று.
அன்று சாயங்காலம்தான்
சோலைமலையிடம் சரி என்று சொன்னேன்.
அவருக்கு இது தெரியாது.

அதனால் இந்த முறை மொய் கிடையாது.
"மொய் இல்லாட்டி அதுக்குப் பேரு பிக்னிக்கு"
என்றார் சித்தப்பா.
பிக்னிக் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
வர மாட்டேன் என்றவர்
வேனில் ஜன்னல் சீட்டு கேட்டிருக்கிறார்.
சோலைமலையின் அக்காவுக்கு வேறு கவலை:
மார்கழியில் மீனா?
அவருக்கு ஒருத்திக்கு மட்டும் சாம்பார், குறித்துக்கொண்டேன்.

மகிழினிக்குப் பதின்மூன்று வயது.
அப்பாவின் எக்ஸ்ரே கூடத்தில் உட்கார்ந்து
வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள்.
பெயர்ப் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"போட்டோல நான் எந்தப் பக்கம் நிக்கணும்?"
மாப்பிள்ளை வீடு, பொண்ணு வீடு என்று
நடுவில் கோடு கிழித்திருந்தேன்.
பேனாக் கோடு, ரப்பருக்குப் போகாது.
கோட்டின் மேலேயே அவள் பேரை எழுதினேன்.
"எழுத்து கோணலா இருக்கு" என்று
நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஒப்பந்தம் வாட்ஸ்அப்பில் வந்தது.
பதினோராவது வரி:
பாம்பனில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏறினால்
கடற்கரையில் பந்தல் போடப்படமாட்டாது,
முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது.
சோலைமலை அதை இரண்டு தடவை சத்தமாக வாசித்தார்.
ஒரு பங்குனியில், பெரியாஸ்பத்திரி வராந்தாவில்
இதே மாதிரி ஒரு தாளில்
படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர் அவர்.
இப்போது எல்லாத் தாளையும் படிக்கிறார்,
பிஸ்கட் பாக்கெட் முதுகைக்கூட.

நான் போனை வாங்கி
பதினைந்தாயிரத்தைத் தட்டினேன்.
சக்கரம் சுற்றியது. சுற்றியது.
பச்சை டிக் விழுந்தது.
அவர் மூச்சு விட்டது பக்கத்தில் கேட்டது.

மேனேஜர் உடனே கூப்பிட்டார்.
"வந்துருச்சு மேடம்.
ஒண்ணு மட்டும் முன்கூட்டியே சொல்லிடுறேன்,
புயல் இல்லாட்டியும் காத்து இருக்கும்.
பரிமாறதுக்குள்ள இலை பறந்துரும்."

நோட்டில் கடைசி வரி:
கல். இலைக்கு ரெண்டு, முப்பத்து நாலு இலைக்கு.
அங்கேயே கிடைக்குமா, கேட்க.